‘கவசம் அணியவில்லை’ என்ற வரியோடு விபத்துச் செய்தியை முடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொழிற்சாலை விபத்துச் செய்திகளின் கடைசியில் வரும் ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஹெல்மெட் போடவில்லை, பெல்ட் மாட்டவில்லை, கையுறை அணியவில்லை, அதனால்தான் இப்படி ஆனது என்று ஒரு வரி வரும், அதோடு செய்தி முடிந்துவிடும். அந்தத் தகவலைச் செய்தியாளருக்குச் சொன்னது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் நிர்வாகத் தரப்பாக இருக்கும், அல்லது நிர்வாகம் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்ட போலீஸாக இருக்கும். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. கூட வேலை பார்த்தவர்கள் வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்க மாட்டார்கள். ஆக, தன் சாவுக்குத் தானே காரணம் என்று அந்த மனிதர் மேல் தீர்ப்பு எழுதியாயிற்று. வாசிக்கிறவர்களும் ‘ஒரு ஹெல்மெட்டைப் போட்டிருக்கக் கூடாதா’ என்று நினைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் நாளிதழ் என்றில்லை, நான் வாசிக்கிற எல்லாவற்றிலும் இதே கதைதான்.

நான் பல வருடங்கள் வெவ்வேறு ஆலைகளில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். விபத்து விசாரணை அறிக்கைகள் எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் எழுதியதையும் நிறைய படித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ‘அணியவில்லை’ என்பதை விசாரணையின் முடிவாக ஏற்கவே கூடாது, விசாரணையே அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். ஏன் அணியவில்லை? கொடுத்தார்களா? கொடுத்தது அந்த வேலைக்கு ஏற்றதுதானா? அணிந்திருந்தால் மட்டும் பிழைத்திருப்பாரா? இந்தக் கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை, பல விபத்துகளில் அதற்கு ‘மாட்டார்’ என்பதுதான் பதில்.

பாதுகாப்புத் துறையில் ஒரு வரிசை உண்டு, எங்களுக்கெல்லாம் அது பாலபாடம். முதலில் அந்த ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆபத்து குறைந்த வேறு பொருளையோ வேறு முறையையோ கொண்டு வர வேண்டும். அதுவும் ஆகாது என்றால் மெஷினின் ஆபத்தான பாகத்தில் கை படாதபடி கார்டு, அதாவது தடுப்பு, போடுவது, தூசி கிளம்புகிற இடத்திலேயே அதை உறிஞ்சி எடுப்பது, இரைச்சல் போடுகிற இயந்திரத்தைத் தனியாக அடைத்து வைப்பது. அதற்கு அப்புறம்தான் பயிற்சி, ஆபத்தான வேலைக்கு முன் எழுதித் தரும் அனுமதியான பெர்மிட், எச்சரிக்கைப் பலகை எல்லாம். இவ்வளவும் செய்த பிறகும் மிச்சம் இருக்கிற ஆபத்துக்குத்தான் ஹெல்மெட்டும் மாஸ்க்கும் கையுறையும். அதாவது கவசம் இந்த வரிசையில் கடைசி. ஏன் கடைசியில் வைத்தார்கள் என்றால், கவசம் ஆபத்தை ஒரு துளிகூடக் குறைப்பதில்லை, ஆபத்து அதே இடத்தில் அதே அளவில் இருக்கிறது, நடுவில் ஒரு பிளாஸ்டிக்கோ ரப்பரோ இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ரப்பர் சரியான வகையாக இருக்க வேண்டும், சரியான அளவாக இருக்க வேண்டும், கிழியாமல் இருக்க வேண்டும், ஷிப்ட் முழுக்க ஒரு நிமிடம்கூடக் கழற்றாமல் போட்டிருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் முடிந்தது.

நடைமுறையில் பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. கார்டு போட மெஷினை நிறுத்த வேண்டும், டிசைனை மாற்ற வேண்டும், உற்பத்தி குறையும். மாஸ்க் வாங்க ஒரு ஆர்டர் போட்டால் போதும். அதனால் மாஸ்க்கை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்தும் வாங்கி ஃபைலில் வைத்துவிட்டால், பாதுகாப்பு என்ற வேலையே முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். விபத்து நடந்ததும் முதலில் வெளியே வருவது அந்தக் கையெழுத்துத் தாள்தான்.

சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தை 1933-ல் கட்ட ஆரம்பித்து 1937-ல் முடித்தார்கள். பாலம் கட்டும் தொழிலில் அப்போது 10 லட்சம் டாலர் செலவுக்கு ஒரு உயிர் போகும் என்று சர்வசாதாரணமாகக் கணக்கு வைத்திருந்தார்களாம். அந்தப் பாலத்தின் செலவு மூன்றரைக் கோடி டாலர். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் தொழிலாளர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கினார், அதோடு நிற்காமல் பாலத்தின் அடியில் பெரிய வலையும் கட்டச் சொன்னார். தவறி விழுந்த 19 பேரை அந்த வலை தாங்கிப் பிடித்தது. 1937 பிப்ரவரி 17 அன்று கனமான ஒரு வேலை மேடை பிய்த்துக்கொண்டு விழுந்து வலையையும் கிழித்துக்கொண்டு போனதில் 10 பேர் இறந்தார்கள், அதற்கு முன் இறந்த ஒருவரையும் சேர்த்து மொத்தம் 11 பேர். அந்த 11-ம் போயிருக்கக் கூடாதவைதான். ஆனால் அந்த 19 பேரைப் பாருங்கள். வலை யாரையும் ‘நீ என்னை மாட்டிக்கொண்டாயா’ என்று கேட்கவில்லை. விழுந்தவன் களைத்திருந்தானா, புதியவனா, அவசரப்பட்டானா என்று பார்க்கவில்லை. எல்லோரையும் ஒரே மாதிரி காப்பாற்றியது. பாதுகாப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, கவசம் அணிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்விக்கு வருகிறேன். டிரில்லிங் மெஷினில் கை சிக்கிய செய்தியில் ‘கையுறை அணியாததால்’ என்று போட்டிருந்தால் அது முழுக்கத் தப்பு. சுழலும் டிரில், லேத் போன்ற மெஷின்களில் கையுறை போடவே கூடாது. நிமிடத்துக்கு 600 சுற்று என்பது டிரில்லுக்குச் சாதாரண வேகம், அப்படியென்றால் ஒரு விநாடிக்கு 10 சுற்று. மனிதன் ஒன்றை உணர்ந்து கையை இழுக்க ஏறக்குறைய கால் விநாடி ஆகும், அதற்குள் டிரில் இரண்டு மூன்று சுற்று சுற்றியிருக்கும். கையுறையின் ஒரு நூல் மாட்டினாலும் போதும், கையோடு சேர்த்து இழுத்துக்கொண்டுவிடும். வெறும் கையாக இருந்தால் தோல் கிழிந்ததோடு போகலாம், கையுறை இருந்தால் விரல் போகும். அங்கே கேட்க வேண்டியது டிரில்லைச் சுற்றி கார்டு இருந்ததா, கையில் பிடித்திருந்த பொருளை வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் இறுக்கியிருந்தார்களா, கைக்கு எட்டும் இடத்தில் எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் இருந்ததா என்பதைத்தான்.

உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினும் அப்படித்தான். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும்படி செய்திருப்பார்கள், கை இரண்டும் பட்டனில் இருந்தால் மேலிருந்து இறங்கும் டை என்ற அச்சின் அடியில் இருக்க முடியாது என்ற ஏற்பாடு. அதில் ஒரு பட்டனை ஆப்பு வைத்தோ டேப் ஒட்டியோ நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டு ஒரு கையால் ஓட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். தொழிலாளி செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று யார் நிர்ணயித்தார்கள், இரண்டு கையால் ஓட்டினால் அந்த எண்ணிக்கை வருமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பல நேரம் வராது. சூப்பர்வைசர் அந்த ஆப்பைத் தினமும் பார்த்துக்கொண்டே கடந்து போயிருப்பார்.

ஆங்கிள் கிரைண்டர் விபத்துகளில் ‘கண்ணாடி போடவில்லை’ என்பார்கள். சக்கரம் உடைந்து தெறித்தது என்றால், ஏன் உடைந்தது என்று கேளுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்கும். சின்ன கிரைண்டரில் பெரிய சக்கரத்தை மாட்டுவது பரவலாக நடக்கிறது, அப்படி மாட்ட வேண்டுமென்றால் கார்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சின்ன கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று போலச் சுற்றும், 7 அங்குலச் சக்கரத்துக்கோ 8,500 சுற்றுக்கு மேல் அனுமதி கிடையாது. அந்த 8,500-லேயே சக்கரத்தின் விளிம்பு விநாடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதைவிட வேகமாகச் சுற்றி உடையும் துண்டைத் தடுப்பது பொறிக்கும் துகளுக்கும் போடுகிற கண்ணாடியின் வேலை இல்லை. அது கார்டின் வேலை.

இனி மூடிய தொட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஒருவர் சாவதில்லை, இரண்டு பேர் மூன்று பேர் என்று சேர்ந்து சாகிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடத்தை ஆக்சிஜன் போதாத இடமாகக் கருத வேண்டும். விஷவாயுவே வேண்டாம், நாளாக மூடி வைத்த இரும்புத் தொட்டியின் உட்புறம் துருப்பிடித்தாலே போதும், துரு உண்டாவதற்கு ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அதில் இறங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதுபோலக்கூடத் தெரியாது, திடீரென்று சரிந்து விழுவார். ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு. 100 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு, என்ற அளவை எட்டும்போது அந்த வாயு மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் நின்றுவிடும், வாயு போய்விட்டது என்று நினைத்து உள்ளே இறங்குவார்கள். இந்த இடத்தில் ‘மாஸ்க் அணியாமல் இறங்கினார்’ என்று எழுதுகிறீர்களே, எந்த மாஸ்க்? தூசி மாஸ்க் எந்த வாயுவையும் தடுக்காது. வடிகட்டி வைத்த மாஸ்க் வாயுவை வடிகட்டலாம், இல்லாத ஆக்சிஜனை எங்கிருந்து கொண்டு வரும்? வெளியிலிருந்து காற்று கொடுக்கும் கருவி வேண்டும், இறங்குவதற்கு முன் காற்றை அளக்கும் மீட்டர் வேண்டும், இறங்கியவரை மேலிருந்தே தூக்க வாசலின் மேல் நிறுத்தும் மூன்று கால் தாங்கியும் கயிறும் வேண்டும், வாசலைவிட்டு நகராத ஒரு ஆள் வேண்டும். இவை இல்லாவிட்டால் உள்ளே விழுந்தவனைத் தூக்க அடுத்தவன் குதிப்பான், அவனைத் தூக்க இன்னொருவன். அமெரிக்க அரசின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-லேயே எச்சரித்தது, மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று. கூட வேலை செய்கிறவனைக் காப்பாற்றக் குதித்த மனிதரைப் பற்றி ‘உரிய பாதுகாப்பு உபகரணம் அணியாமல்’ என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

உயரத்தில் வேலை செய்கிறவர்கள் விஷயத்தில் ‘பெல்ட் அணியவில்லை’. முதலில், இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட் விழுகிற மனிதனைத் தாங்குவதற்கானதே கிடையாது, விழுந்த வேகம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு ஹார்னஸ்தான் வேண்டும். அந்த ஹார்னஸும் எதில் மாட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. காலடி உயரத்தில் இருக்கும் குழாயில் மாட்டியிருந்தால் கயிறு முழு நீளத்துக்கும் விழுந்த பிறகுதான் பிடிக்கும். வழக்கமான கயிறு 1.8 மீட்டர், விழும்போது அதிர்ச்சியைத் தாங்க விரியும் பகுதி ஒரு மீட்டருக்கு மேல், மாட்டியிருக்கும் வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர், அதற்கும் கீழே கொஞ்சம் இடைவெளி. எல்லாம் கூட்டினால் ஐந்தரை, ஆறு மீட்டர் வரும். நாலு மீட்டர் உயரத்தில் வேலை செய்கிறவர் ஒழுங்காக ஹார்னஸ் போட்டிருந்தாலும், காலடியில் மாட்டியிருந்தால் கயிறு பிடித்து நிறுத்தும் முன்பே தரையில் இருப்பார். அங்கே கைப்பிடி வைத்த மேடைதான் தேவை. அப்புறம், ஹார்னஸ் பிடித்துவிட்டது, ஆள் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கால்களில் ரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிருக்கும் ஆபத்து. அவரை எப்படி இறக்குவது என்று ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்களா? தீயணைப்பு வண்டிக்கு போன் போடுவோம் என்பது பதில் ஆகாது.

அணிந்திருந்தும் உயிர் போனதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆலையில் நடந்தது இல்லை, ஆய்வகத்தில் நடந்தது, ஆனாலும் கையுறை வாங்குகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், நச்சு உலோகங்கள் பற்றிய ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்குரி என்ற திரவத்தைக் கையாளும்போது சில சொட்டு அவருடைய கையுறையின் மேல் விழுந்தது. லேடெக்ஸ் கையுறை அணிந்திருந்தார், அன்றைய நடைமுறையில் அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. பல மாதங்கள் கழித்துத்தான் நடை தடுமாறியது, பேச்சு குழறியது, 1997 ஜூனில் இறந்துபோனார். பிறகு சோதித்துப் பார்த்தபோது அந்தத் திரவம் அந்த வகைக் கையுறையை 15 விநாடிக்குள் ஊடுருவிவிடும் என்று தெரிந்தது. கையுறையில் ஓட்டை எதுவும் விழவில்லை, கிழியவில்லை, ஆனாலும் உள்ளே போய்விட்டது. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒவ்வொரு வகைக் கையுறை, அதுவும் இத்தனை நிமிடம்தான் தாங்கும் என்ற அட்டவணையைக் கையுறைத் தயாரிப்பாளர்களே கொடுக்கிறார்கள். அதைப் பார்க்காமல் ஆசிட்டுக்கும் தின்னருக்கும் ஆயிலுக்கும் ஒரே ரப்பர் கையுறையை ஸ்டோரில் அடுக்கி வைத்திருக்கும் இடங்கள் ஏராளம். அவற்றை அணிகிறவர் தனக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக் கையை இன்னும் தைரியமாக உள்ளே விடுகிறார்.

காதடைப்பானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கணக்கு பாதுகாப்பு அதிகாரிகளிலேயே பலருக்குத் தெரியாது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், ஆக 100 டெசிபலில் 15 நிமிடம்தான். இப்போது 30 டெசிபல் குறைக்கிற நல்ல காதடைப்பான் ஒன்றை ஒருவர் போட்டிருக்கிறார். 8 மணி நேர ஷிப்டில் மொத்தமாக அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைக்கிறார், பேச, போன் எடுக்க, வியர்வை துடைக்க. அந்த 30 டெசிபல் பாதுகாப்பு நடைமுறையில் 12 ஆகச் சுருங்கிவிடும். பாதி ஷிப்ட் கழற்றியிருந்தால் வெறும் 3. காது போவது ஒரே நாளில் தெரிவதுமில்லை, வலிப்பதுமில்லை, போனது திரும்பி வருவதுமில்லை. இத்தனை கறாராக ஒரு மனிதன் வருடக்கணக்கில் எதையும் காதில் சொருகி வைத்திருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே அந்த இயந்திரத்தை அடைத்து வைக்காமல் காதடைப்பானைக் கொடுத்துவிட்டு, காது போன பிறகு ‘நாங்கள் கொடுத்தோம், அவர்தான் போடவில்லை’ என்கிறார்கள்.

ஏன் கழற்றுகிறார்கள் என்றால், சோம்பேறித்தனம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஃபர்னேஸ் பக்கத்தில் தடித்த கோட்டு போட்டு நின்று பாருங்கள், உடம்பின் சூடு வெளியே போக வழியே இல்லாமல் தலை சுற்றும். மாஸ்க் போட்டால் மூச்சின் ஈரம் மேலே ஏறிக் கண்ணாடி முழுக்க ஆவி படியும், கண் தெரியாமல் வெட்டுவதா, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெட்டுவதா என்று அந்த மனிதர் தினமும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பெண்களின் நிலை இன்னும் மோசம். ஹார்னஸ், கையுறை, மாஸ்க், ஷூ எல்லாம் பெரும்பாலும் ஆண் உடம்பின் அளவில்தான் வருகின்றன. பெரிய கையுறையின் நுனி விரலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே மெஷினில் மாட்டும், முகத்தில் சரியாகப் படியாத மாஸ்க்கில் வடிகட்டி வழியாக வராமல் ஓரத்து இடைவெளி வழியாகத்தான் காற்று உள்ளே போகும். எல்லா அளவிலும் வாங்கி வைத்து, ஒவ்வொருவர் முகத்துக்கும் பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்த்துக் கொடுத்தார்களா என்று கேளுங்கள், ‘கொடுத்தோம்’ என்ற பதில் அப்போது அவ்வளவு சுலபமாக வராது.

காசு விஷயம் சுருக்கமாக. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1981-ல் கொண்டு வந்த 155-வது உடன்படிக்கையின் 21-வது பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு ஆகும் செலவில் ஒரு காசுகூடத் தொழிலாளியின் தலையில் விழக் கூடாது என்கிறது. 2022 ஜூனில் இந்த உடன்படிக்கையை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகவே ஆக்கிவிட்டார்கள். ஷூவுக்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பளத்தில் பிடிப்பது, தொலைத்தால் அபராதம் போடுவது இதெல்லாம் நடந்தால் அதுவே ஒரு செய்தி. அதே உடன்படிக்கையின் 13-வது பிரிவு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பி வேலையை விட்டு விலகும் தொழிலாளிக்கு அதனால் எந்தத் தண்டனையும் வரக் கூடாது என்கிறது. ‘நான் இறங்க மாட்டேன்’ என்று சொன்னவருக்கு மறுநாள் வேலை இருந்ததா என்பதையும் கேட்கலாம்.

உங்கள் பக்கங்களுக்கு வராமலே போகிற சாவுகள் இதைவிடப் பல மடங்கு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகம் முழுக்க வேலையின் காரணமாக வருடத்துக்கு ஏறக்குறைய 29 லட்சம் பேர் இறக்கிறார்கள். அதில் விபத்தில் இறப்பவர்கள் சுமார் 3.3 லட்சம், மற்ற 26 லட்சம் பேரும் வேலை தந்த நோயால் இறப்பவர்கள். கல் வெட்டுகிற இடத்தில், மணல் வீசி இரும்பைச் சுத்தம் செய்கிற இடத்தில் கிளம்பும் சிலிகா தூசியில் நுரையீரல் வரை போகக்கூடிய துகள் கண்ணுக்கே தெரியாது. நுரையீரலில் தழும்பு விழுந்தால் ஆறாது, அதற்கு மருந்தும் கிடையாது. சிலிகா தூசி புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது, வெல்டிங் புகையையும் 2017-ல் அதே பட்டியலில் சேர்த்தது. இங்கே ஆஸ்திரேலியா செய்ததைச் சொல்ல வேண்டும். சிலிகா அதிகமுள்ள செயற்கைக் கல்லை வெட்டிய இளம் தொழிலாளர்கள் வரிசையாக நோயில் விழுந்தபோது, மாஸ்க் போடுங்கள் என்று சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டார்கள். முப்பது வயதில் ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவரின் கதையை யாரும் ‘மாஸ்க் அணியவில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடாமல் இருந்ததால்தான் அது நடந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, உங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த முறை ‘அணியவில்லை’ என்று யாராவது சொன்னால், சொன்னவர் யார் என்பதைச் செய்தியில் போடட்டும், ‘நிர்வாகம் கூறியது’ என்று. மெஷினுக்கு கார்டு இருந்ததா, ரிப்பேர் பார்க்கும்போது மின்சாரத்தைத் துண்டித்து அவரவர் பூட்டைப் போட்டுச் சாவியை அவரவர் பையில் வைத்திருந்தார்களா, பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டது யார், அவர் அந்த இடத்தை நேரில் பார்த்தாரா என்று கேட்கட்டும். இறந்தவர் கான்ட்ராக்ட் தொழிலாளியா என்று கட்டாயம் கேட்கட்டும், ஏனென்றால் மிக ஆபத்தான வேலையை அவர்களிடம் தள்ளிவிட்டு, விபத்து நடந்ததும் ‘அவர் எங்கள் ஊழியரே இல்லை’ என்று கை கழுவுவது வாடிக்கையாகிவிட்டது. இதே மெஷினில் இதற்கு முன் யாராவது நூலிழையில் தப்பியிருக்கிறார்களா என்று சக தொழிலாளர்களிடம் பெயர் போடாமல் கேட்டு எழுதலாம். நான் பார்த்த பெரிய விபத்துகளில் அப்படி ஒரு முன்கதை இல்லாத ஒன்றைக்கூட எனக்கு நினைவில்லை. தொழிலாளர் தினத்தன்று படம் போடும்போதும் கொஞ்சம் பாருங்கள், வெறும் காலோடு இரும்பு உத்தரத்தின் மேல் நடப்பவரையும், கறுப்புக் கண்ணாடி மட்டும் போட்டு வெல்டிங் செய்பவரையும் உழைப்பின் பெருமை என்று முதல் பக்கத்தில் போட வேண்டாம்.

இன்னொன்று. விபத்து நடந்து மூன்று மாதம் கழித்து அதே ஆலைக்கு ஒரு செய்தியாளரை அனுப்புங்கள். அந்த மெஷினுக்கு கார்டு போட்டாயிற்றா, அந்தத் தொட்டியில் இறங்க இப்போது என்ன ஏற்பாடு, இறந்தவரின் வீட்டுக்கு இழப்பீடு வந்ததா, அவர் நின்ற இடத்தில் இப்போது நிற்பவருக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று நான்கு வரி போட்டால் போதும், உள்ளே ஒரு மூலையில் வந்தாலும் பரவாயில்லை. செய்தியாளரை உள்ளே விடவில்லை என்றால், விடவில்லை என்பதை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்